விழாப் பணமும் வீதிச் செலவும்

அரசுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைத்த அளவிற்கு, அவற்றின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தாரல்லர். ஆயின், ஒரு சமுதாயத்திலே எந்த வர்க்கம் எதனை வேண்டி நின்றது என்பதை அறிய விழைவோர்க்குக் கணக்கேட்டினும் சிறந்த சான்று அரிது. பொதுப் பணத்தை விழாவுக்கும் வீதிக்கும் ஒதுக்குவதா, வேறொன்றுக்குத் திருப்புவதா என்ற வழக்கு இன்றைய நகரசபைகளுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டிலே ஏதென்ஸ் நகரை ஏறத்தாழ இரு தசாப்தங்கள் ஆட்டிவைத்த வழக்கு அது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஏதென்ஸ் மக்கள் டயோனிசஸ் விழாவிலே நாடகம் காண்பதற்கு ஆசனக் கட்டணமாக இரண்டு ஒபொல் செலுத்தவேண்டியிருந்தது. ஆறு ஒபொல் ஒரு திராக்மா. ஆறாயிரம் திராக்மா ஒரு தாலந்து. வறிய குடிமகனும் அரங்கிற் புகுதல் வேண்டும் என்பதற்காக அரசே அக்காசை வழங்கியது. அவ்வாறு வழங்குவதற்கென அமைந்த நிதியே தியோரிக்கோன், அதாவது காண்போர் நிதி. இதனைத் தொடக்கியவர் பெரிக்கிளிஸ் எனப் புளூட்டாக் எழுதினார். எனினும், வலிமைமிக்க ஒரு நிறுவனமாக இது விளங்கியது யூபுலஸ் என்பாரின் காலத்திலேயே.

கி.மு. 357 முதல் 355 வரை ஏதென்ஸ் தன் நேச நகரங்களோடு பொருது தோற்றது. கருவூலம் வறண்டது. ஆண்டு வருவாய் 130 தாலந்துக்கு வீழ்ந்திருந்த ஒரு காலத்தை டெமொஸ்தெனிஸ் பின்னர் நினைவுகூர்கிறார். தொலைதூரப் படையெடுப்புகளைத் தவிர்த்தல், வாணிகத்தை வளர்த்தல், லோரியன் வெள்ளிச் சுரங்கங்களை மீண்டும் இயக்குதல் என்பனவே யூபுலசின் கொள்கையாயின. 341 அளவில் வருவாய் 400 தாலந்தாக உயர்ந்துவிட்டது. பல்வேறு உத்தியோகங்களுக்கும் சட்டப்படி பங்கிட்டபின் எஞ்சிய பணம் காண்போர் நிதியைச் சேர்ந்தது. அந்நிதியின் அதிகாரிகள் விழாக் காசை வழங்கியதோடு நில்லாது, வீதிகளைச் செப்பனிட்டனர். கப்பற்றுறைகளையும் கடற்படைக் களஞ்சியத்தையும் கட்டுவித்தனர். நகர நிருவாகம் முழுவதுமே ஏறத்தாழ அவர்கள் கைக்குட்பட்டிருந்ததென எஸ்கினிஸ் கூறினார்.

இப்பணத்தைத் திருப்புவதற்கு முதலில் முயன்றவர் அப்பொல்லொடோரஸ். மக்கெடோனிய மன்னன் பிலிப் ஒலிந்தஸ் நகரை நெருக்கிக்கொண்டிருந்த கி.மு. 348 அளவில், எஞ்சும் பணம் படைக்கா, காண்போர் நிதிக்கா என்பதை மக்களே தீர்மானிக்க வேண்டும் என அவர் பிரேரித்தார். போர்க்காலத்தில் மிகுதிப் பணம் படைக்குரியது என்பதே சட்டம் என்று அவர் தரப்பினர் வாதிட்டனர். மக்கள் சபை படைக்கெனவே வாக்களித்தது. ஆனால், பிரேரணை சட்டவிரோதமானதென எதிரிகள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. எதிரிகள் கோரிய தண்டம் 15 தாலந்து. விதிக்கப்பட்டது ஒரு தாலந்து. சபை வாக்களித்த திருத்தம் நீதிமன்றத்தில் மாய்ந்தது. அதே ஆண்டில் ஒலிந்தசும் வீழ்ந்தது.

அக்காலத்தில் டெமொஸ்தெனிஸ் ஆற்றிய உரைகள் நன்கறியப்பட்டவை. காண்போர் நிதிபற்றிய சட்டங்களை நீக்குதற்குச் சட்டவாக்கக் குழுவைக் கூட்டுமாறு அவர் கேட்டார். மதில்களுக்குப் பூசிய சுண்ணத்தையும் செப்பனிட்ட வீதிகளையும் நீரூற்றுகளையும் சுட்டி, இவைதாமோ உங்கள் சாதனைகள் என எள்ளினார். ஆயின் 341இல் அவரே வேறொரு குரலிற் பேசினார். செல்வர் வறியவர்மீது பொறாமை கொள்ளலாகாது என்றும், வறியோரைத் தாங்குவது பெற்றோரைப் பேணுதல் போன்ற கடமை என்றும் வாதிட்டார். ஈற்றில், 339க்கும் 338க்கும் இடைப்பட்ட ஆண்டில், பணம் அனைத்தும் படைக்கே எனும் அவருடைய தீர்மானம் நிறைவேறியது. கப்பற்றுறை, களஞ்சியம் ஆகியவற்றின் வேலைகள் நிறுத்தப்பட்டன. 338இல் கெரோனியாப் போர்க்களத்தில் ஏதென்ஸ் தோற்றது.

இந்நிகழ்ச்சிகளைக் கொண்டு, கும்பல் தன் களியாட்டத்திற்காக நாட்டை இழந்தது என்று தீர்ப்புக் கூறிய வரலாற்றாசிரியர் பலர். மக்களுக்கு வழங்கும் காசையெல்லாம் இலஞ்சம் எனக் கருதும் மனப்பான்மையின் வெளிப்பாடு இது. கணக்கைப் பார்ப்போம். அந்நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட குடிமதிப்பொன்று ஏதென்ஸ் குடிமக்கள் தொகையை 21,000 எனக் காட்டிற்று. அத்தனை பேருக்கும் ஒருநாட்குரிய இரண்டு ஒபொலை வழங்கினாலும் ஆகும் செலவு 7,000 திராக்மா; அதாவது ஒரு தாலந்துக்குச் சிறிது மேல். இருநூறு பேர் ஏறிய போர்க்கப்பல் ஒன்றுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா வீதம், ஒரு மாதச் சம்பளம் ஒரு தாலந்து. விழா பல நாள் நீடித்ததெனினும், வறியவரின் நாடகக் காசு ஒரு கடற்படையை விழுங்கியதென்பது பொருந்தாது. நிதியின் பெரும்பகுதி வீதிகளிலும் துறைகளிலும் சென்றிருத்தல் வேண்டும்.

மறுபுறத்தில், அத்திக்கா நாட்டின் வரிக்குரிய சொத்து 6,000 தாலந்து என டெமொஸ்தெனிசே கணக்கிட்டிருந்தார். நூற்றுக்கு ஒன்று என வரி விதித்தாலும் 60 தாலந்து கிடைக்கும். அவ்வரியைச் செலுத்த வேண்டியவர் செல்வர். விழாப் பணத்தைத் தொடாவிடின் எல்லோரும் வரி செலுத்துங்கள் என்று டெமொஸ்தெனிஸ் நேர்மையோடு கேட்டதுமுண்டு. ஆகவே வழக்கு, நாடகமா நாட்டுப் பாதுகாப்பா என்பதன்று. பாதுகாப்பின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதே. யூபுலசின் சமாதானம் வறியவருக்கு இரண்டு ஒபொலையும் செல்வருக்கு வரியின்மையையும் ஒருங்கே அளித்தது. காசு பெற்றவரைப் பழித்த நூல்கள், வரி தப்பியவரை அத்துணை பழித்தில.

மக்களும் அப்பணத்தை விளையாட்டாகக் கொண்டாரல்லர். வெளிநாட்டிலிருந்த மகனுக்கென ஐந்து திராக்மா விழாப் பணம் பெற்ற கோனோன் என்பவன் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு ஒரு தாலந்து செலுத்த நேர்ந்தது. பெற்றதைப்போல் ஆயிரத்து இருநூறு மடங்கு தண்டம்!

ஆனால், ஏதென்ஸ் மக்களாட்சியை அளவிறந்து போற்றுதலும் தகாது. காண்போர் நிதி குடிமக்கட் பதிவில் இடம்பெற்றோருக்கே உரியது. வணிகத்தாலும் கைத்தொழிலாலும் நகரை வளப்படுத்திய குடியேறியோர்க்கு அதிற் பங்கில்லை, அடிமைகளைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வீதிகளைச் செப்பனிட ஐந்து அதிகாரிகள் இருந்தனர் என்றும், அவர்களின்கீழ்ப் பொது அடிமைகள் வேலை செய்தனர் என்றும் அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறும். எலூசிஸ் ஆலய வேலைகளின் 329ஆம் ஆண்டுக் கணக்கு கல்லில் எஞ்சியுள்ளது. அதன்படி கூலியாள் ஒருவன் நாளொன்றுக்கு ஒன்பது ஒபொல் பெற்றான்; பொது அடிமைக்கு உணவுச் செலவாக மூன்று ஒபொல். வருவாயை உயர்த்திய லோரியன் வெள்ளியோ, சுரங்கத்தின் இருளில் அடிமைகள் தம் உயிரைக் கொடுத்து அகழ்ந்தது. விழாவுக்கும் வீதிக்கும் ஈற்றில் விலை கொடுத்தவன் விழாவிற் காசு பெறாதவனே. அப்பொல்லொடோரசின் திருத்தமும் டெமொஸ்தெனிசின் தீர்மானமும் அவனைப்பற்றி ஒரு சொல்லேனும் கூறியதாகத் தெரியவில்லை.

கெரோனியாவுக்குப் பின் லைக்கர்கஸ் நிதிப்பொறுப்பேற்று, டயோனிசஸ் அரங்கைக் கல்லால் எழுப்பினார். 335 அளவில் பனதெனேய விழாவிற்குரிய பசுக்களை வாங்க, அரச நிலத்தின் குத்தகைப் பணத்திலிருந்து 41 மினா, அதாவது 4,100 திராக்மா, சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. இறைச்சி ஊர்வலத்திற் பங்குகொண்டோரின் தொகைக்கேற்ப ஊர்தோறும் பங்கிடப்பட்டது. தோற்ற நகரம் தன் விழாவைக் கைவிட்டுவிடவில்லை.

ஆயின் 322இல் மக்கெடோனியத் தளபதி அன்ரிபேற்றர் ஏதென்ஸை அடிபணிய வைத்தபோது, 2,000 திராக்மாச் சொத்தில்லாதவர் குடியுரிமையை இழந்தனர். அவ்வாறு நீக்கப்பட்டோர் 12,000 பேருக்கு மேல் எனப் புளூட்டாக் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில், 320 அளவில், அந்தச் செல்வராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று: பைரியஸ் துறைமுகத்தில் சியூஸ், டயோனிசஸ் ஆகிய தெய்வங்களின் ஊர்வலம் செல்லும் வீதிகளைச் சமப்படுத்திச் செம்மை செய்க என்பது அதன் சாரம். விழா இருந்தது, வீதியும் முன்னரிலும் செம்மையாயிற்று. முன்னைய நாளில் விழாக் காசுக்காகவும் வீதிச் செலவுக்காகவும் சபையிற் கையுயர்த்திய ஏழை மட்டும் அங்கில்லை.

எனவே, ஒரு நகரின் வரவு செலவுத் திட்டம் திருத்தப்படும் செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு ஒதுக்கினர் என்பதோடு நாம் அமைதியடைதல் ஆகாது. பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது, எவர் வரிச்சுமையினின்றும் நழுவினர் என்று கேட்டல் வேண்டும். அவ்வீதியில் நடப்போருக்கு அதனைத் திருத்தும் உரிமை உண்டா என்பதையும் கேட்டல் வேண்டும். உரிமையைப் பறித்தவர்களாலும் நல்ல வீதி அமைக்க முடியும் என்பதற்குப் பைரியஸ் தீர்மானம் கல்லெழுத்தாய் நிற்கின்றது.