வாக்குச்சீட்டுக்கு வராத கேள்வி

1991 ஜூன் 15, சனிக்கிழமை. திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே, செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கம் அன்றைக்கு வாக்களித்தது. மேற்கே பர்வதமலை, அதற்குப் பின்னால் ஜவ்வாது மலைத்தொடர். வாக்காளர் கையில் நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டு, சட்டமன்றத்துக்கு ஒரு சீட்டு. மறைப்புக்குள் போய், ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, சின்னத்துக்கு நேரே குத்த வேண்டும். ஈர மை பக்கத்துக் கட்டத்தில் ஒட்டிவிட்டால் எண்ணுமிடத்தில் தகராறு. அதனால் எப்படி மடிக்க வேண்டும் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தச் சீட்டுகள் மே மாதமே பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டியவை. மே 21 இரவு பத்தேகால் மணி வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு தேர்தலைத் தள்ளிப்போட வைத்தது. மே 20 அன்று நாட்டின் ஒரு பகுதி வாக்களித்து முடித்திருந்தது. மீதித் தொகுதிகளுக்குத் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் ஜூன் 12, 15 என்று புதுத் தேதிகள் குறித்தார். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது ஜூன் 15.

இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31 அன்று சுடப்பட்டதையும், அந்த டிசம்பரில் காங்கிரஸ் 400 இடங்களைத் தாண்டியதையும் சென்ற இதழில் பார்த்தோம். அப்போது கலசப்பாக்கத்தில் அதிமுக வென்றது. 1977-லும் 1980-லும் அங்கே ஜெயித்திருந்த திமுகவின் பெ.சு. திருவேங்கடம் 1989-ல் மறுபடியும் வந்தார். 1991-ல் தொகுதி திரும்ப அதிமுகவுக்குப் போனது. 1996-ல் மீண்டும் திருவேங்கடம். அந்த இருபது ஆண்டுகளில் தொகுதி திமுகவின் கையை விட்டுப் போனது இரண்டே முறை. இரண்டும் கொலைக்குப் பிந்தைய தேர்தல்கள்.

இதைப் பார்த்ததும் 'அனுதாப அலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. 1984-ல் தமிழ்நாட்டில் இந்திராவின் மரணம் மட்டும் வேலை செய்யவில்லை. எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். அவர் உயிரோடு இருக்கும் படக்காட்சியை ஊர் ஊராகத் திரையிட்டார்கள், பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1991-இன் கதை வேறு மாதிரி. அது ஸ்ரீபெரும்புதூருக்கு ஓராண்டு முன்னால், சென்னை கோடம்பாக்கத்தில் தொடங்குகிறது.

1990 ஜூன் 19. ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-இன் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கோடம்பாக்கத்தில் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் தமிழ்நாட்டைக் கடந்து தப்பிவிட்டார்கள். தலைநகரில் இப்படி ஒரு கூட்டுக்கொலை நடந்து ஆட்கள் பிடிபடவில்லை என்றால், ஆளும் கட்சியை நோக்கி விரல் நீளத்தான் செய்யும். அந்த மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை என்பதும் ஏற்கெனவே டெல்லியில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

ஆண்டின் இறுதிக்குள் டெல்லியில் வி.பி. சிங் ஆட்சி விழுந்து, சந்திரசேகர் காங்கிரசின் ஆதரவில் பிரதமரானார். திமுக ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்று காங்கிரசும் அதிமுகவும் அழுத்தின. அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி கலைக்க வேண்டுமானால் கவர்னர் அறிக்கை அனுப்புவது நடைமுறை. கவர்னராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தரவில்லை. கவர்னரின் அறிக்கை பெற்றோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் திருப்தி அடையலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு 1991 ஜனவரி 30 அன்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மை குன்றாத ஒரு ஆட்சியைக் கலைத்தார்கள். கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், அவரும் தமிழ்நாட்டுக்காரர். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவியை விட்டே விலகிவிட்டார்.

ஆக, 1991 மே மாதம் கலசப்பாக்கம் வாக்காளர் முன்னால் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. புலிகளை இந்த மண்ணில் நடமாட விட்டது சரியா என்று கருணாநிதியைக் கேட்பது ஒன்று. நாங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை எங்கள் கவர்னரே கேட்காதபோது நீங்கள் எப்படிக் கலைத்தீர்கள் என்று டெல்லியைக் கேட்பது மற்றொன்று. இவற்றோடு ஊருக்கென்று ஒரு கணக்கும் இருந்தது. 1989 செப்டம்பர் 30 வரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது, கலெக்டரைப் பார்க்க வேலூர் போக வேண்டும். அன்றைக்குத்தான் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது. கலெக்டர் ஆபீஸ் கிரிவலத்துக்குப் போகும் ஊருக்கே வந்துவிட்டது. அதைச் செய்த ஆட்சி அதன்பின் பதினாறு மாதங்கள்தான் இருந்தது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் அந்தத் தேர்தல்.

தமிழ்நாட்டு வாக்காளருக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லிப் பழக்கம் உண்டு. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சி 39 இடங்களில் இரண்டைத்தான் பிடித்தது. மக்கள் ஆதரவு போய்விட்டது என்று காரணம் காட்டி பிப்ரவரியில் இந்திரா அவர் ஆட்சியைக் கலைத்தார். மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மக்கள் 129 இடங்களைக் கொடுத்து எம்.ஜி.ஆரை அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கலைத்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. அந்தத் தேர்தலிலும் கலசப்பாக்கம் திமுகவையே தேர்ந்தெடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் தன் கணக்கைத் தானே போட்டது.

குண்டு வெடிக்காமல் இருந்திருந்தால் 1991-ல் திமுக ஜெயித்திருக்குமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கூட்டல் கணக்கு அக்கட்சிக்குச் சாதகமாக இல்லை. 1989 ஜனவரியில் 150 இடங்களைப் பிடித்தபோது அது வாங்கியது 33 சதவீத வாக்குதான். பிளவுபட்ட அதிமுகவில் ஜெயலலிதா அணி 21, ஜானகி அணி 9, காங்கிரஸ் 20 எனப் பிரிந்து நின்றதால் வந்த வெற்றி அது. பிரிந்தவர்கள் 1991-ல் ஒரே பக்கம் நின்றார்கள். 1989 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே 39-ல் 38 இடங்கள் அதிமுக - காங்கிரஸ் பக்கம் போயிருந்தன. 1980-ன் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், நாடாளுமன்றக் கணக்கு சட்டமன்றத்திலும் அப்படியே வரும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. என்றாலும் திமுக தோற்றிருக்கவே அதிக வாய்ப்பு என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் தோற்பது வேறு, துடைத்தெறியப்படுவது வேறு. ஜூன் 15-க்கு முந்தைய அந்த மூன்றரை வாரங்களில் திமுகவின் கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன, கட்சிக்காரர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பல ஊர்களில் வேட்பாளர்கள் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்க முடியவில்லை. கொலையில் அந்தக் கட்சிக்குப் பங்கு உண்டா என்று எந்த விசாரணையும் தொடங்கும் முன்பே தெருவில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. 234 இடங்களில் திமுகவுக்குக் கிடைத்தவை இரண்டு. துறைமுகத்தில் கருணாநிதி, எழும்பூரில் பரிதி இளம்வழுதி. கருணாநிதி பதவி விலகினார். நாடாளுமன்றத்தின் 39 இடங்களும் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு. ஜூன் 24 அன்று ஜெயலலிதா முதல்வரானார்.

இந்த முடிவிலும் ஒரு எண்ணை நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் புயலுக்கு நடுவிலும் மாநிலத்தில் நூற்றுக்கு 22 பேர் திமுகவுக்குப் போட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து சட்டமன்றத்தில் உட்கார இரண்டு நாற்காலிகள். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத சபை எப்படி நடக்கும் என்பதை அடுத்த ஐந்து ஆண்டுகள் தமிழ்நாடு பார்த்தது. 356-ஆம் பிரிவு பற்றி டெல்லியிடம் கேட்க வேண்டிய கேள்வி? அதை எழுப்ப யாருக்கும் வாயில்லை. கொல்லப்பட்டவரின் கட்சியிடம் போய், நீங்கள் ஜனவரியில் செய்தது சரியா என்று ஜூனில் எப்படிக் கேட்பது?

டெல்லியிலும் இதே கதைதான் வேறு அளவில் நடந்தது. மே 20 அன்று வாக்களித்த தொகுதிகளில் காங்கிரஸ் தேய்ந்திருந்தது, ஜூனில் வாக்களித்த தொகுதிகளில் நிமிர்ந்தது. தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. கட்சித் தலைமையை ஏற்கச் சொல்லிக் கொலைக்கு மறுநாளே கேட்டும் ராஜீவின் மனைவி சோனியா மறுத்துவிட்டிருந்தார். அந்தத் தேர்தலில் நிற்காமல், ஒதுங்கிப்போகத் தயாராக இருந்த நரசிம்ம ராவ் ஜூன் 21 அன்று பிரதமரானார். ஒரு மாதத்தில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் நாட்டின் பொருளாதாரப் பாதையையே திருப்பியது. கொலை செய்த புலிகளின் கணக்கில் இது எதுவும் இருந்திருக்காது.

அவர்கள் எண்ணியதும் நடக்கவில்லை. அமைதிப்படை மறுபடி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள் என்றால், அது வராமலே போனது. ஆனால் 1992 மே மாதம் இந்தியா புலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டின் தெருக்களில் ஈழத் தமிழருக்கு இருந்த பரிவு ஓர் இரவில் சந்தேகமாக மாறியது. அதன் பாரம் விழுந்தது முகாம்களில் இருந்த அகதிகள் மீது. திருவண்ணாமலை மாவட்டத்திலும் அப்படிப்பட்ட முகாம்கள் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த சலுகை பறிபோனது, 1992 ஜனவரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எந்தக் குண்டையும் தொட்டிராத, குண்டுக்குப் பயந்தே ஓடிவந்த ஜனங்கள் அவர்கள். இந்தத் தொடரில் எழுதும் எல்லாவற்றையும்விட இதை எழுதும்போதுதான் எனக்குக் கை கனக்கிறது.

பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள், 1875 முதல் உலகத் தலைவர்கள் மீது நடந்த கொலை முயற்சிகளை எடுத்து, பலித்தவற்றையும் தப்பியவற்றையும் ஒப்பிட்டார்கள். சர்வாதிகாரி கொல்லப்பட்டால் நாடு ஜனநாயகத்தின் பக்கம் நகரும் வாய்ப்பு கூடுகிறது, ஜனநாயக நாட்டின் தலைவர் கொல்லப்பட்டால் ஆட்சிமுறையில் அப்படிப் பெரிய மாற்றம் வருவதில்லை என்பது அவர்கள் கண்டது. மேலிருந்து பார்த்தால் இந்தியாவுக்கும் அது பொருந்துகிறது. தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது, நீதிமன்றம் இயங்கியது. கலசப்பாக்கத்தில் நின்று பார்த்தால், அமைப்பு அப்படியே இருந்தும் அந்தத் தேர்தல் எதைப் பற்றியதோ அது காணாமல் போயிருந்தது.

356-ஆம் பிரிவு பற்றி யாரும் எழுப்பாத அந்தக் கேள்விக்குப் பதில் வேறு மாநிலங்களின் வழக்குகளில்தான் வந்தது. கர்நாடகத்தில் ஆட்சி கலைக்கப்பட்ட எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு உத்தரவை நீதிமன்றம் ஆராயலாம் என்றானது. அதன்பின் மாநில ஆட்சிகளைக் கலைப்பது முன்போல எளிதாக இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் அதோடு விடவில்லை. கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் வெளியே கசிந்தது. அது திமுகவைக் குற்றம்சாட்டுவதாகச் சொல்லி, மத்திய அமைச்சரவையிலிருந்து முரசொலி மாறன் உள்ளிட்ட திமுகவினரை நீக்கக் கோரியது காங்கிரஸ். பிரதமர் ஐ.கே. குஜ்ரால் மறுத்தார். காங்கிரஸ் ஆதரவை விலக்கியது, அந்த மாதமே ஆட்சி கவிழ்ந்தது. கொலை நடந்து ஆறரை ஆண்டுகள் கழித்து அது இன்னொரு மத்திய ஆட்சியை வீழ்த்தியது. அதே காங்கிரசும் அதே திமுகவும் 2004-ல் ஒரே கூட்டணியில் நின்று புதுச்சேரியோடு சேர்த்து நாற்பது இடங்களையும் அள்ளியதையும் நாம் பார்த்தோம். அந்தக் கவிழ்ப்பால் 1998-ல் நாட்டுக்கு வைக்கப்பட்ட தேர்தலை அப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக, கவர்னர். ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஏழு பேரை விடுவிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை தீர்மானித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது அதிமுக. கவர்னர் மாளிகை அந்தத் தீர்மானத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. விடுதலை சரியா தவறா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. குண்டுவெடிப்பில் உயிர்விட்ட காவலர்களின் குடும்பங்களுக்கு ஆறாத வருத்தம் இருப்பது நியாயமே. 2022 மே 18 அன்று அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்த உச்ச நீதிமன்றம், 161-ஆம் பிரிவின் கீழ் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கவர்னர் கட்டுப்பட்டவர் என்று எழுதியது. இன்று பல மாநிலங்கள் தங்கள் கவர்னர்களோடு வழக்காடும்போது எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

(அடுத்த இதழில்: கொழும்பு, 1959)