பர்கர்: அமெரிக்கத் தொடர் உணவகங்களும் தயாரிப்பு முறைகளும்

அரைத்த மாட்டிறைச்சியை வில்லையாகத் தட்டிச் சுட்டு, இரண்டாகப் பிளந்த பன்னுக்கு நடுவில் வைத்துத் தரும் அமெரிக்க உணவு பர்கர். சீஸ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், சாஸ் ஆகியவை இதனுடன் சேரும். இதை முதலில் செய்தது நாங்கள்தான் என்று கனெக்டிகட்டின் நியூ ஹேவன், விஸ்கான்சினின் சீமோர் உள்ளிட்ட பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. எதற்கும் முடிவான சான்று கிடையாது. ஊர் ஊராகக் கிளை திறக்கும் வியாபாரமாகப் பர்கரை மாற்றிய முதல் நிறுவனம் எது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

1921இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்கிராமும் தொடங்கிய ஒயிட் காசில்தான் அது. இறைச்சி ஆலைகளின் அசுத்தத்தை அம்பலப்படுத்திய அப்டன் சிங்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் 1906இல் வெளிவந்த பிறகு, அரைத்த இறைச்சி என்றாலே அமெரிக்கர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்கவே கடைக்கு வெள்ளை நிறம் பூசி, வாடிக்கையாளரின் கண்ணெதிரே சமைத்தார்கள். அப்போது விலை 5 சென்ட். பின்னாளில் நிலைபெற்ற செய்முறை இது: சூடான கல்லில் நறுக்கிய வெங்காயத்தையும் நீரையும் பரப்பி, அதன்மேல் ஐந்து துளையிட்ட சிறிய சதுர வில்லையை வைப்பார்கள். அதற்கும் மேலே பன் ஏறும். துளைகளின் வழியே வெங்காய ஆவி ஏறிக் கறியையும் பன்னையும் ஒருசேர வேகவைப்பதால் திருப்பிப் போடும் வேலை இல்லை. பன் மெத்தென்று இருக்கும். கறியில் முறுகல் இருக்காது. பழகியவர்களுக்கு அமிர்தம், மற்றவர்களுக்கு ஈரப் பன்.

இன்றைய துரித உணவகத்தின் அச்சு உருவானது கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில். ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் தங்கள் உணவகத்தை மூடி, பரிமாறும் பணியாளர்களை நீக்கி, பட்டியலை ஒன்பது பண்டங்களாகச் சுருக்கி, 15 சென்ட் பர்கருடன் மீண்டும் திறந்தார்கள். பின்னர் புதிய சமையலறையைத் திட்டமிட்டபோது, டென்னிஸ் மைதானத்தில் சுண்ணக்கட்டியால் அதை முழு அளவில் வரைந்து, ஊழியர்களை நடந்து பார்க்கவைத்து, எந்த அடுப்பு எங்கே என்று முடிவு செய்தார்கள். அவர்களிடம் மில்க்‌ஷேக் இயந்திரம் விற்ற ரே கிராக், 1955இல் இலினாயின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961இல் 27 லட்சம் டாலருக்கு சகோதரர்களின் உரிமையை முழுவதுமாக வாங்கிக்கொண்டார். பிக் மேக் பர்கர் தலைமையகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. பென்சில்வேனியாவில் கிளை நடத்திய ஜிம் டெலிகாட்டி 1967இல் விற்கத் தொடங்கியதை மறுஆண்டு நாடெங்கும் கொண்டுபோனார்கள்.

மெக்டொனால்ட்ஸின் சாதாரண வில்லை சுமார் 45 கிராம்தான். மேலும் கீழும் சூடான தகடுகள் அழுத்த, உறைநிலையிலிருந்தே விரைவில் வெந்துவிடும். எங்கே தின்றாலும் ஒரே சுவை என்பதுதான் அதன் பலம்; அந்தச் சுவையில் கறியைவிட ஊறுகாய்க்கும் சாஸுக்கும் பங்கு அதிகம். 2018 முதல் பெரும்பாலான அமெரிக்கக் கிளைகளில் ‘குவார்ட்டர் பவுண்டர்’ என்ற பெரிய பர்கருக்கு மட்டும் உறையவைக்காத இறைச்சி பயன்படுகிறது. வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

புளோரிடாவில் பிறந்த பர்கர் கிங், 1957இல் ‘வாப்பர்’ என்ற பர்கரை அறிமுகப்படுத்தியது. நகரும் சங்கிலி வில்லைகளை நெருப்பின் மேல் இழுத்துச் செல்ல, கொழுப்பு தீயில் சொட்டிப் புகை எழும்பிக் கறியில் ஏறும். வாசனை கிடைக்கிறது, ஆனால் சுவைக்குக் காரணமான கொழுப்பில் ஒரு பங்கு தீக்குப் போய்விடுகிறது. 1969இல் டேவ் தாமஸ் ஓஹாயோவின் கொலம்பஸில் தொடங்கிய வெண்டிஸ், பன்னுக்கு வெளியே மூலை நீட்டிக்கொண்டிருக்கும் சதுர வில்லையால் பெயர்பெற்றது.

இன்-என்-அவுட் தனி ரகம். 1948இல் ஹாரி, எஸ்தர் ஸ்னைடர் தம்பதி கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் தொடங்கியது. உறைபெட்டி கிடையாது, கிளை உரிமையை வெளியாருக்கு விற்பதும் கிடையாது. இறைச்சி அன்றாடம் வந்து சேரும் தொலைவுக்குள் மட்டுமே கடை திறப்பதால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதைக் காண முடியாது. ‘அனிமல் ஸ்டைல்’ என்று கேட்டால், கல்லிலேயே கடுகு சாஸ் தடவிச் சுட்ட வில்லையும் வதக்கிய வெங்காயமும் கூடுதல் சாஸும் வரும். பின்னால் வந்த ஃபைவ் கைஸ் (1986), 2004இல் நியூயார்க் பூங்காவொன்றில் கடை போட்ட ஷேக் ஷேக் இரண்டும் உறையவைக்காத இறைச்சியையே நம்புகின்றன; விலை கூடுதல்.

நல்ல பர்கருக்கு இலக்கணம்

மாட்டின் முன்தோள் பகுதியிலிருந்து அரைத்த, ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள இறைச்சியே பொதுவாக விரும்பப்படுகிறது. கொழுப்பு குறைந்தால் வில்லை வறண்டுவிடும். உப்பை அரைத்த இறைச்சியோடு பிசையக் கூடாது. பிசைந்தால் புரதம் கரைந்து பசையாகி, சாசேஜ்போல இறுகிவிடும். தட்டி முடித்து, கல்லில் போடும் தருவாயில் மேலே தூவுவதே முறை.

சுவையின் பெரும்பகுதி மேற்பரப்பில் உருவாகிறது. சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிற முறுகலைத் தருகின்றன. இது மெயிலார்டு வினை. கறி உருண்டையைக் காய்ந்த கல்லில் போட்டவுடன் அழுத்தித் தட்டையாக்கினால் முழுப்பரப்பும் கல்லில் ஒட்டி முறுகும். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது என்பதால் இழப்பு இல்லை. பாதி வெந்தபின் அழுத்துவது சாற்றைப் பிழிந்து கல்லுக்குக் கொடுக்கும் வேலை. பல கடைகளில் இந்தப் பிழை கண்முன்னே நடக்கிறது.

உள்ளே இளஞ்சிவப்பாக விடும் வழக்கம் தொடர் உணவகங்களுக்கு ஒத்துவராது. முழுத்துண்டு இறைச்சியின் மேற்பரப்பில் இருக்கும் கிருமி, அரைக்கும்போது உள்ளே கலந்துவிடும். 1993இல் ஜாக் இன் த பாக்ஸ் நிறுவனத்தின் சரியாக வேகாத பர்கர்களால் 700க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளாகி, நான்கு குழந்தைகள் இறந்தனர். அரைத்த இறைச்சியின் உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அந்த அளவுக்கு வெந்த தடித்த வில்லை பெரும்பாலும் சக்கையாகிவிடும். மெல்லிய வில்லை வெந்து முடியும்போது முறுகலால் ஈடுகட்டுகிறது. ஒன்று போதாதென்றால் இரண்டு அடுக்கலாம்.

மற்றவை துணைப் பாத்திரங்கள். பன்னின் உட்புறத்தை வெண்ணெயில் சுட்டெடுத்தால் சாறு இறங்கிக் குழையாது. பதப்படுத்திய அமெரிக்கச் சீஸைப் பலர் மட்டமாகப் பேசினாலும், அதிலுள்ள சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளால் எண்ணெய் பிரியாமல் உருகுவது அதுதான். வெள்ளரி ஊறுகாயின் புளிப்பு இல்லையேல் நாலாவது கடியில் திகட்டும்.

மாட்டிறைச்சியை மையமாக வைத்த இந்த இலக்கணம் இந்தியாவில் செல்லாது. மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லியில் நுழைந்தது, மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல். இங்கே அதன் அடையாளமாகிவிட்ட ஆலு டிக்கி பர்கரில் இருப்பது மசாலா சேர்த்த உருளைக்கிழங்கு, பட்டாணி வில்லை. அது கல்லில் முறுகுவதில்லை, எண்ணெயில் பொரிக்கப்படுகிறது.