சீமையும் அயலும்: சித்தூர் யானைகளை முன்வைத்து ஒரு சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நிலப்பகுதிக்குப் பிற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட விலங்குகளைக் கொன்று குறைத்தேனும், அந்நிலத்திற்கே உரிய உயிரினங்களைக் காக்க வேண்டுமா என்பது இன்று உலகின் பல பகுதிகளிலும் எழுந்துள்ள வினாவாகும். இதனை உயிரியலார் ஆராய்வர். சட்டம் இயற்றுவோர் முடிவு செய்வர். ஆயினும் 'உரியது', 'அயலது' என்னும் பாகுபாடு முதற்கண் சொல்லிலேயே நிகழ்கிறது. எனவே, அச்சொற்களை மொழிபெயர்ப்போர்க்கும் இவ்வினாவில் பொறுப்புண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் யானை வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

வேங்கடத்து யானை

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம் இன்றைய திருமலைப் பகுதியாகும். சங்கப் பாடல்களில் இது யானை மிகுந்த மலையாகவே காட்சி தருகிறது. வேங்கடத் தலைவனாகிய புல்லியின் வீரர்கள் யானைக் கன்றைப் பிடித்துவந்து, கள் விற்கும் மனையின் முன் கட்டிய செய்தியை அகநானூற்றின் 83ஆம் பாடலால் அறிகிறோம்.

பின்னாளில் இக்காடுகளில் யானை அற்றுப்போயிற்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளிக்குப் பின், 1980களின் இடைப்பகுதியில், ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் குப்பம், பலமனேர்க் காடுகளை வந்தடைந்தன என்பர். 1990இல் அங்குக் கௌண்டின்யா வனவிலங்குப் புகலிடம் அமைக்கப்பட்டது. சில யானைகள் சேசாசல மலைகள் வரையிலும் சென்றன. புகலிடக் காடோ வறண்டது, புதர் மண்டியது, விளைநிலங்கள் சூழ்ந்தது. உழவர்கள் பயிரை இழந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர். மின்வேலிகளில் சிக்கி யானைகளும் மடிந்தன.

இவ்யானைகளை 'வேற்று மாநிலத்திலிருந்து வந்தவை' எனக் குறிக்கும் வழக்கு உண்டு. வந்தவை என்பது உண்மையே. ஆயின் ஓசூரும் சித்தூரும் 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை ஒரே சென்னை ஆட்சிப்பகுதியில் இருந்தவை. நீண்ட வரலாற்றை நோக்கின், இவ்வருகையை மீட்சி என்பதே பொருந்தும்.

சீமை என்னும் சொல்

எல்லையைக் குறிக்கும் 'சீமா' என்னும் வடசொல்லின் வழிவந்தது 'சீமை'. தமிழில் அது எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்துப் பின்னர்க் கடல்கடந்த நாட்டையும் குறிக்கலாயிற்று. சீமைக்கருவேலம், சீமைப்பசு முதலியன இப்பிற்காலப் பொருளில் அமைந்தவை. நாம் கொடுக்காப்புளி என்பதைத் தெலுங்கர் 'சீமசிந்த' என்பர். ஆனால் சித்தூரை உள்ளடக்கிய நிலப்பகுதிக்கு 1928இல் இடப்பெற்ற பெயரோ 'ராயலசீமை'. ஒரே சொல் சொந்த மண்ணையும் அயல் மண்ணையும் சுட்டுகிறது. எல்லைக்கோடு எங்கே இடப்படுகிறதோ அதற்கேற்பவே அயன்மை அமையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சட்டம் இட்ட கோடு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பெற்ற திருத்தம், பரவிக் கேடு விளைக்கும் அயல் இனங்களுக்கு வரையறை வகுத்தது. இந்தியாவிற்கு உரியதல்லாததாய், வனவிலங்கிற்கோ அதன் வாழிடத்திற்கோ ஊறு செய்யக்கூடியதாய் இருப்பது அயல் இனம். அதனைக் கைப்பற்றவும் அழிக்கவும் மைய அரசு அதிகாரம் அளிக்கலாம்.

இங்குக் கோடு நாட்டின் எல்லையில் இடப்பட்டுள்ளது. இதன் விளைவை அந்தமானில் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அங்குக் கொண்டுவிடப்பட்ட புள்ளிமான், வேட்டையாடும் பெருவிலங்கு இல்லாத தீவுகளில் பெருகி இளமரக் கன்றுகளை மேய்ந்தழிக்கிறது. மரம் அறுக்கும் நிறுவனம் ஒன்று கொண்டுவந்து 1960களில் கைவிட்ட யானைகள், இண்டர்வியூ தீவின் காட்டைச் சிதைத்தன. இவ்விரண்டும் அத்தீவுகளுக்கு அயலானவை. சட்டத்தின் பார்வையிலோ இந்தியாவிற்கு உரியவை, பாதுகாக்கப்பட்டவை. பலமனேரில் உரிய விலங்காகிய யானை வந்ததாகக் கருதப்படுகிறது. இண்டர்வியூ தீவில் வந்த விலங்காகிய யானை உரியதாகக் கருதப்படுகிறது. சொல்லும் வரலாறும் இரண்டிடத்தும் முரண்படுகின்றன.

பெயர்ப்போர் கடமை

இவ்வகை இனங்களுக்கு 'வந்தேறி' என்னும் சொல்லைச் சிலர் ஆள்கின்றனர். மக்களை இழித்துரைக்கப் பயன்படும் அச்சொல், விலங்கின் மீது அது செய்யாத குற்றத்தை ஏற்றுகிறது. புள்ளிமான் கடலை நீந்திக் கடந்து அந்தமானுக்குக் குடியேறவில்லை. அவ்வாறே கொன்று குறைத்தலைக் 'களையெடுப்பு' என்பது செயலின் கொடுமையை மறைக்கிறது. கொணரப்பட்டவை, தாமே வந்தவை, மீண்டவை என மூவகையாகப் பகுத்து வழங்குதல் தெளிவு தரும். கொல்லுதலைக் கொல்லுதல் என்றே கூறுதலும் நேர்மையாகும்.

முடிவுரை

கொன்று குறைத்தல் எவ்விடத்தும் ஆகாது என்பது இக்கட்டுரையின் துணிபன்று. ஆத்திரேலியாவைச் சேர்ந்த மக்குவாரித் தீவில் பூனைகள் 2000ஆம் ஆண்டளவில் ஒழிக்கப்பட்டன. அதன்பின் முயல்கள் பெருகித் தாவரங்களைப் பாழ்படுத்தின. முயல், எலி, சுண்டெலி ஆகியனவும் ஒழிக்கப்பட்டமை 2014இல் அறிவிக்கப்பட்டது. தீவு போன்ற வரையறுத்த நிலத்தில், மனிதரால் கொணரப்பட்ட இனத்தை முழுமையான திட்டத்தோடு நீக்குதல் பயன் தரும் என்பதும், அரைகுறை முயற்சி கேடாகும் என்பதும் இதனால் பெறப்படும். அந்தமான் புள்ளிமான் பற்றிய முடிவு இவ்வகையில் ஆராயத்தக்கது.

சித்தூர் யானை அவ்வகையில் அடங்காது. அதற்குரிய தீர்வுகள் வேறு. 2025 மே மாதத்தில் கருநாடக அரசு 4 கும்கி யானைகளை ஆந்திர அரசிடம் ஒப்படைத்தது அத்தீர்வுகளுள் ஒன்றாகும். உழவர்க்கு உரிய இழப்பீடும் காட்டுவழிகளின் காப்பும் உடன் வேண்டப்படுவன. எவ்விலங்கையும் அயல் எனப் பெயரிடுமுன், எந்த எல்லைக்கு அயல், எந்தக் காலத்திலிருந்து அயல், யார் கொணர்ந்தார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். அவ்விடையின்றி இடப்படும் பெயர், தீர்ப்புக்கு முன் வழங்கப்படும் தண்டனையாகிவிடும்.