பிளாக் சபாத் (பாடல்)

பிளாக் சபாத், அதே பெயர் கொண்ட பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் இசைத்தட்டைத் தொடங்கிவைக்கும் பாடல். அந்த இசைத்தட்டுக்கும் அதே பெயர்தான். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்த டோனி அயோமி (கிட்டார்), கீசர் பட்லர் (பேஸ் கிட்டார்), ஆஸி ஆஸ்போர்ன் (குரல்), பில் வார்ட் (டிரம்ஸ்) ஆகிய நால்வரும் 1969 அக்டோபரில் லண்டனில் இசைத்தட்டின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவுசெய்தனர். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். பாடலில் கேட்கும் மழையும் இடியும் மணியோசையும் பின்னர் சேர்க்கப்பட்டவை. வெர்டிகோ நிறுவனம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று இசைத்தட்டை வெளியிட்டது.

ஹெவி மெட்டல் இசை இந்தப் பாடலில்தான் பிறந்தது என்ற கூற்றுக்கு வலுவான மறுப்பு உண்டு. 1968லேயே புளூ சியர் குழு காது அடைக்கும் ஒலியில் வாசித்துவிட்டது. பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' வந்ததும் அதே ஆண்டில். ஒலியளவு மட்டுமே அளவுகோல் என்றால் அந்த மறுப்பு வெல்லும். ஆனால் அந்தப் பாடல்கள் முரட்டுத்தனத்தைக் கூட்டினாலும், புளூஸ், ராக் அண்ட் ரோல் ஆகியவற்றின் துள்ளலை விடவில்லை. இங்கே அயோமி மூன்றே ஸ்வரங்களை வைத்துக்கொள்கிறார்: ஜி, அதன் மேல்ஸ்தாயி ஜி, பிறகு இறங்கி நடுங்கும் சி ஷார்ப். ஒவ்வொன்றும் நெடுநேரம் ஒலித்துத் தேய்கிறது. ஆடவைக்கும் தாளம் விலகி, அச்சம் வந்து உட்கார்கிறது. இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையை பட்லர் வாசித்துப் பார்த்ததிலிருந்து இந்த மெட்டு கிளைத்ததாகக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

ஜிக்கும் சி ஷார்ப்புக்கும் உள்ள இடைவெளியைச் 'சாத்தானின் இடைவெளி' என்று தேவாலயம் தடைசெய்திருந்தது, பாடலின் திகிலுக்கு அதுவே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியொரு தடை இருந்ததற்குச் சான்றில்லை. தவிர, நம் கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரமும் அதுதான். கல்யாணி ராகத்தைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை. திகில் அந்த இடைவெளியில் இல்லை. அதைத் தாங்கிப்பிடிக்கும் மந்தகதியிலும், ஸ்வரங்களுக்கு நடுவே விடப்பட்ட மௌனத்திலும் இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் அயோமி இரண்டு விரல்நுனிகளை இழந்ததால்தான் இந்த ஒலி உருவானது என்ற விளக்கமும் பாதிதான் சரி. விரல்களுக்குச் செய்துகொண்ட உறைகளும் மெல்லிய தந்திகளும் அவருடைய தொனியை மாற்றின. எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவை தீர்மானிக்கவில்லை. அது இசையறிவின் தேர்வு.

இறுதிப் பகுதியில் பாடல் வேகமெடுத்து, பழைய புளூஸ் ராக்கை நெருங்குகிறது. அதை வைத்து இது முழுமையான மெட்டல் அல்ல என்பாரும் உண்டு. அந்த வேகம் மற்றவர்களிடமும் இருந்தது. முதல் நான்கு நிமிடங்கள் அதற்கு முன் யாரிடமும் இல்லை. டூம் மெட்டல் என்னும் கிளை முழுவதும் அந்த நான்கு நிமிடங்களின் வழிவந்ததே.