சிறுதேரும் நடைவண்டியும்

பகற்பொழுதெல்லாம் வீட்டிலேயே இருக்கும் மழலையைக் குதூகலமாக வைத்திருக்க வேண்டுமென்ற கவலை தமிழகத்தில் மிகப் புராதனமானது என்பதற்கும், அதைத் தீர்ப்பதில் தச்சருக்குப் பெரும் பங்கிருந்தது என்பதற்கும் சங்கச் செய்யுட்களே பிரத்தியட்ச சாட்சி.

தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாதாயினும் கையால் இழுத்தே ஆனந்தங்கொள்ளும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் செய்யுள் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையோ, அத்தகைய தேரை உருட்டித் தளர்ந்த குழந்தை செவிலியிடம் பாலுண்டு உறங்கிப்போவதையும் சேர்த்துச் சொல்லுகிறது. ஆட்டம், அயர்வு, பால், உறக்கம் என்னும் இந்தக் கிரமத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எத்தனை வாத்ஸல்யத்தோடு கவனித்திருக்கிறார்! அவரே பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயும் உணவைத் தின்ன வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த கனத்த குழை, பிள்ளைகள் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறிக்கிறது.

பிற்காலத்தில் இவ்விளையாட்டு, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் இறுதியானதாகவே ஸ்தானம் பெற்றது.

முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்கள் பூட்டி, நின்று பிடிக்கக் குறுக்குக் கட்டை வைத்த நம் நடைவண்டியும் மூன்றுகால் வண்டியே. அடுக்களையில் காய் நறுக்கும் தாய்க்கு அதன் கடகட ஓசையே குழந்தை எங்கிருக்கிறதென்று சொல்லிவிடும், ஓசை நின்றால்தான் அவள் எழுந்து வந்து பார்ப்பாள்.