அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

சென்னை அடையாற்றில் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட தொண்டு மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக இதை நிறுவினார். அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் இதை வளர்த்தனர். மகசேசே விருது (2005) பெற்ற சாந்தா, 2021-இல் மறையும்வரை மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார்.

பணமில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதே இதன் அடிப்படை. அதற்கு இணையான மற்றொரு பணி, அதிகம் பேசப்படாதது: 1980களின் தொடக்கம் முதல் சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று பதிந்துவரும் பதிவேடு. சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்ததை அதுதான் காட்டியது. இந்தக் கணக்கு இல்லாமல் எந்த அரசும் தடுப்புத் திட்டம் தீட்ட முடியாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பூசியாலும் பரிசோதனையாலும் பெருமளவு தவிர்க்கலாம். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையே முதன்மைக் காரணம். ஆயினும் பலர் நோய் முற்றிய பிறகே வருகின்றனர். அச்சமும் கூச்சமும் கூலி இழப்பும் அவர்களைத் தாமதிக்க வைக்கின்றன. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் கடன் ஏறுகிறது, பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது.