இசை உயர்த்திய சொல்

சொற்களுக்கும் வாழ்வுண்டு, தாழ்வுண்டு. பண்டைத் தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னுஞ் சொல் இன்று தீய வாடையைக் குறிக்கின்றது. அமெரிக்க நாட்டிலோ ஒரு சொல் இதற்கு மாறாக உயர்ந்தது. ‘ஃபங்க்’ என்பது அங்கே கெட்ட வாடைக்குப் பெயர். கறுப்பின மக்கள் அதனையே தம் இசைக்குப் பெயராக்கிப் பெருமை கொண்டனர். நம் பிள்ளைகள் கேட்கும் பாட்டை ‘வெறும் இரைச்சல்’ என்று ஒதுக்கும் பெரியோர், அவ்விசையின் வரலாற்றைச் சற்றே செவிமடுத்தல் வேண்டும்.

1933-இல் தென் கரோலினாவில் வறிய குடியில் பிறந்தவர் ஜேம்ஸ் பிரவுன். சிறுவனாய் இருந்தபோது பிறர் காலணிகளைத் துடைத்துப் பிழைத்தவர். அந்நாளைய ஆடலிசையில் நான்கடித் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளிலேயே அழுத்தம் விழும். 1967-இல் வெளிவந்த ‘கோல்ட் ஸ்வெட்’ போன்ற பாடல்களில் அவர் முதலடிக்கே முதன்மை தந்தார். கிதாரும் ஊதுகருவிகளும் முழவுகளைப் போலத் தாளங் கொட்டின. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். அவ்வாண்டிலேயே, கறுப்பராய்ப் பிறந்தமைக்குப் பெருமை கொள்வோம் என முழங்கும் பாடலைப் பிரவுன் வெளியிட்டார். அதில் மறுமொழி பாடியவர்கள் குழந்தைகள்!

1973-இல் நியூயார்க்கில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், இத்தகைய இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் தனித்தொலிக்கும் பகுதியை இரு தட்டுகளால் மீண்டும் மீண்டும் நீட்டி ஒலித்தார். அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல் சொல்லடுக்கி முழங்கும் கலையே ஹிப்-ஹாப்பாக வளர்ந்தது. பாண்டுப்பில் மின்வண்டி ஏறிச் சயானில் இறங்கினால், அருகே தாராவி. அங்கு வளர்ந்த ‘டோப்பெடெலிக்ஸ்’ குழுவினர், 2018-இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் அக்கலையைத் தமிழில் முழங்கினர்.

இதில் நமக்கோர் பாடம் உண்டு. சாவுக்குரியதென்று நாம் ஒதுக்கி வைத்த பறை, இன்று கலை மேடைகளில் பெருமிதத்தோடு ஒலிக்கின்றது. அன்று இழிந்தது பறையா, நம் செவியா?

கேட்க விழைவோர் முதலில் ‘கோல்ட் ஸ்வெட்’ பாடலை விரல்விட்டு எண்ணிக் கேட்க. ஆதி தாளம் போட்டுப் பழகிய கை முதலடியைத் தானே கண்டுகொள்ளும். அடுத்து, 1970-இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’. அதில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு தனித்து வாசிக்கும் சில நொடிகளை எண்ணற்ற ஹிப்-ஹாப் கலைஞர்கள் எடுத்தாண்டனர். பின்னர், கறுப்பரும் வெள்ளையரும், ஆடவரும் பெண்டிரும் ஒருங்கிசைத்த ஸ்லை ஸ்டோன் குழுவினரைக் கேட்க. நிறைவாகக் ‘காலா’வின் பாடல்களுக்கு வருக.

தனித்தன்று, வீட்டுப் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்பீராக. தாளம் நாம் சொல்லிக் கொடுப்போம். பாட்டை அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும்.